பன்னிரண்டரைக்குப் புல் வெட்டுகிறவர்

எங்கள் எதிர்வீட்டுக் கமலநாதன் அண்ணன் தினமும் பகல் பன்னிரண்டரைக்குப் புல் வெட்டுவார். தினமும் என்றால் தினமும்தான். எங்கள் மலேசியாவின் கிள்ளானில் மண்டையைப் பிளக்கிற வெயில் நேரம் அது. அவருடையது வரிசையில் கடைசி வீடு என்பதால் பக்கத்தில் பத்தடி அகலத்துக்குப் புல்தரை உண்டு. நேற்று வெட்டிய புல் இன்னும் தலை தூக்கியிருக்காது, அதன் மேலேயே மறுபடி மின்சார மெஷினை உருட்டுவார். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து துணி தைக்கிறவள். பொறுமைக்கும் எனக்கும் ஒத்துவராது. ஒருநாள் தெருவைத் தாண்டிப் போய்க் கேட்டே விட்டேன்.

“அண்ணே, அந்தப் புல்லு வளரக் கொஞ்சம் டைம் குடுங்க லா. சத்தம் தாங்கல.”

அவர் உடனே மெஷினை அணைத்தார். “சாரிம்மா புனிதா. அரை மணி நேரந்தான். வெயில் இருக்கும்போதே வெட்டிரணும்.”

வயசானவருக்குப் பொழுது போகவில்லை என்று முடிவு கட்டி, வீட்டுக்கு வந்து ஜன்னலைச் சாத்திக்கொண்டேன்.

அண்ணனுக்கு எழுபது வயது. முப்பத்தொரு வருஷம் மோட்டார்சைக்கிளில் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் படித்தவர். கிள்ளானில் அவரைப் பார்த்துக் குரைக்காத நாய் இல்லை. மீட்டரை வைத்தே அந்த வீட்டு நிலவரத்தைச் சொல்லிவிடுவார். நம்பர் கூடியிருந்தால் விருந்தாளி வந்திருக்கிறார்கள், இல்லையென்றால் புது ஏர்கான். குறைந்திருந்தால் ஆள் ஊரில் இல்லை. ஆள் ஊரில் இருந்தும் குறைந்திருந்தால் கதவைத் தட்ட வேண்டும். இது யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை, அவராக வைத்துக்கொண்ட வழக்கம்.

ஒருமுறை ஒரு வீட்டில் நம்பர் வழக்கத்தில் பாதிகூட ஏறவில்லை. வாசலிலோ மோட்டார்சைக்கிள் நிற்கிறது. தட்டினாராம். மனைவியைப் பறிகொடுத்த மனிதர் ஒருவர் விளக்குகூடப் போடாமல் உள்ளே உட்கார்ந்திருந்தார். அண்ணன் முக்குக் கடையில் தேத்தண்ணி வாங்கி வந்து கொடுத்து, அவர் குடித்து முடிக்கிறவரை பக்கத்திலேயே இருந்துவிட்டுத்தான் அடுத்த வீட்டு மீட்டருக்குப் போனார்.

அண்ணனின் மனைவியும் போய்ச் சேர்ந்து இப்போது நாலு வருஷம். ஒரே மகன் ஜீவன் ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் இன்ஜினியர். பெர்த்துக்கும் நமக்கும் மணிகூட ஒன்றுதான், நேர வித்தியாசம் என்று சாக்குச் சொல்லவும் வழியில்லை. போன வருஷம் வந்தவன் அப்பாவின் கூரையில் பத்து சோலார் பலகை போட்டுக் கொடுத்தான். இரண்டு பேர் போனிலும் ஒரே ஆப். பலகை எவ்வளவு மின்சாரம் தருகிறது, வீடு எவ்வளவு செலவழிக்கிறது, மீதி எவ்வளவு வெளி லைனுக்குப் போகிறது, எல்லாம் அதில் கோடாக ஓடும். கையோடு, பேட்டரியில் ஓடும் புல் மெஷின் ஒன்றும் வாங்கி வைத்துவிட்டுப் பிளேன் ஏறினான்.

தன் வீட்டு மீட்டரை இனிமேல் மகன் படிப்பான். அந்த ஆப்பை அண்ணன் அப்படித்தான் புரிந்துகொண்டார்.

பேட்டரி மெஷினைக் கடையில் திருப்பிக் கொடுத்து, ஒயர் போட்ட மெஷினாக மாற்றி வந்தார். கடைக்காரருக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றினால் கோட்டில் சின்ன மேடுதான் தெரியும். ஒயர் மெஷினின் சுவிட்சைத் தட்டினால் கோடு சட்டென்று மேலே எழும்பும். பன்னிரண்டரைக்கு மகன் சாப்பிட உட்கார்ந்து போனைத் திறப்பான், அப்பா எழுந்து நடமாடுகிறார் என்று தெரிந்துகொள்வான். அதற்காகத்தான் அந்த வெயில், அந்தச் சத்தம் எல்லாம் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஜீவனிடமிருந்து மெசேஜ் வரும். “அப்பா, நேத்து 17 யூனிட். ஓகே.” அண்ணன் அதை என்னிடம் கொண்டுவந்து காட்டுவார்.

“பாத்தியாம்மா, மறக்காம பாக்குறான்.”

அவருடைய எழுபதாவது பிறந்த நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. அன்றைக்கு மெசேஜ் இப்படி: “அப்பா, நேத்து 14 யூனிட்தான். பலகைய கழுவணும்போல.” வேறொன்றும் இல்லை. அன்று அதை அவர் எனக்குக் காட்டவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை பன்னிரண்டரைக்குச் சத்தம் வரவில்லை. செவ்வாயும் இல்லை, புதனும் இல்லை. அப்பாடா என்றிருந்தது எனக்கு. ஜன்னலை அகலத் திறந்து வைத்துக்கொண்டு, கல்யாண வீட்டுக்காரர்கள் அவசரப்படுத்திய மூன்று ரவிக்கைகளை ஒரே மூச்சில் தைத்து முடித்தேன்.

வியாழக்கிழமை காலையில் அண்ணன் என் வீட்டு கேட்டுக்கு வந்தார். சவரம் செய்யாத முகம். போனை நீட்டினார்.

“கொஞ்சம் படிச்சுப் பாரும்மா. நேத்து சாயந்திரம் வந்துச்சு.”

ஜீவன் எழுதியிருந்தான்: “அப்பா! மூணு நாளா ரெக்கார்ட்! இவ்வளவு யூனிட் வெளிய போனதே இல்ல. சூப்பர் பெர்ஃபார்மன்ஸ். இப்படியே மெயின்டெய்ன் பண்ணுங்க.” பக்கத்தில் ஒரு கட்டைவிரல் படம்.

“நல்ல விஷயந்தானே அண்ணே?” என்றேன்.

“மூணு நாளா நான் ஒரு சுவிட்சும் போடலம்மா. விளக்கு இல்ல, காத்தாடி இல்ல, ஐஸ்பெட்டியக்கூட காலி பண்ணி அணைச்சிட்டேன். இன்டர்நெட் பெட்டி மட்டும் எரிஞ்சிச்சு. அது இல்லாட்டி அவனுக்குத் தகவல் போகாதுல்ல.”

“எதுக்குண்ணே இப்படி?”

“கோடு கீழேயே கிடந்தா போன் பண்ணுவான்னு நெனச்சேன். என்னப்பா ஆச்சுன்னு கேப்பான்னு.” போனை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். “வீட்டுல ஆளு இல்லாட்டிதான் சோலார் நல்லா வேலை செய்யுதாம்.”

மூன்று நாளும் ரொட்டியும் பச்சைத் தண்ணீரும்தானாம். புழுக்கம் தாங்காமல் பின்வாசல் படியில் பாயைப் போட்டுப் படுத்திருக்கிறார். ஜீவனைத் திட்ட எனக்கு வாய் வரை வந்துவிட்டது. ஆனால் எந்த வாயால் திட்டுவது? அவனாவது கடல் தாண்டி இருக்கிறான். நான் இருபதடி தெருவுக்கு இந்தப் பக்கம் இருக்கிறேன். மூன்று ராத்திரி எதிர்வீடு இருட்டாகக் கிடந்தது என் கண்ணில் படவே இல்லை. சத்தம் நின்றதில் சந்தோஷப்பட்டவள் நான். எனக்கு வெட்கமாக இருந்தது. இட்லி எடுத்து வருகிறேன், உட்காருங்கள் என்றேன். ஐஸ்பெட்டியைப் போட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பன்னிரண்டரைக்கு மெஷின் மறுபடி ஓடியது. மூன்று நாள் புல், கொஞ்சம் வளர்ந்துதான் இருந்தது. நான் தையலை அப்படியே போட்டுவிட்டு, ஒரு தட்டில் இட்லியும் சட்னியும் எடுத்துக்கொண்டு அவர் கேட் பக்கம் போனேன். வேலை முடிகிறவரை அங்கேயே நிற்கலாம் என்றுதான் போனேன்.

என்னைப் பார்த்ததும் அவர் கை சுவிட்சுக்குப் போனது. மெஷின் நின்றுவிட்டது.

“சாரிம்மா,” என்றார். “சத்தம் ஜாஸ்தியா இருக்கா?”