பச்சைக் கோட்டுத் தளபதி

பெட்டியில் மொத்தம் இருநூற்றுப் பதினான்கு ஈயப் பொம்மைகள் இருந்தன. குதிரைமேல் இருந்தவை முப்பத்தொன்று. முப்பத்திரண்டோ என்று இப்போது ஒரு சந்தேகம் வருகிறது. கை ஒடிந்தவை ஒன்பது, தலை போனவை இரண்டு. சீமைக்குத் திரும்பிப்போன ஒரு வெள்ளைக்காரர் விற்ற பெட்டி அது. வாங்கியவர் ஒரு ஸ்டேஷன் மாஸ்டர். அவருக்குக் கடலுக்கு அந்தப் பக்கத்து ரயில் நிலையத்தில் வேலை. வீடு பினாங்குத் தீவில், டத்தோ கிராமாட் வட்டாரத்தில். மனைவி இறந்தபின் எட்டுப் பேர் உட்காரும் சாப்பாட்டு மேசை வெறுமனே கிடப்பதைப் பார்க்கப் பிடிக்காமல் அதன்மேல் போர் நடத்தத் தொடங்கினார்.

போரிட்டவர்கள் இரண்டு பேர். ஒருவன் நான். அப்போது எனக்கு இருபத்தாறு வயது, கப்பல் ஆபீஸ் ஒன்றில் குமாஸ்தா. மற்றவர் மாஸ்டரின் ஸ்டேஷனிலேயே சரக்குக் குமாஸ்தா. என்னைவிட மூன்று வயது மூத்தவர். அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். வேதக்காரர். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து, சாப்பிட்டுவிட்டு, இரண்டு மணிக்கு வந்துவிடுவார். மாஸ்டர் நடுவர்.

கும்பினிப் படை என்னுடையது. தென்னாட்டுப் பாளையக்காரர் படை அவருடையது. சீமையில் வார்த்த பொம்மைகளுக்குப் பாளையக்காரர் எங்கே தெரியும்? தொப்பிகளை அரத்தால் ராவி, மெழுகு தடவிய நூலைச் சுற்றித் தலைப்பாகை ஆக்கினோம். சைக்கிள் கடை எனாமலும் சீனர் கடையில் வாங்கிய எழுத்துத் தூரிகையும்தான் எங்கள் சாமான்கள். தூரிகையின் மயிரை ஐந்தாறு மட்டும் விட்டுக் கத்தரித்துவிடுவோம். சாதாரண வீரனுக்கு நான்கு நிறம் போதும். தளபதிக்குப் பதினொன்று. வெள்ளை பூசி ஒரு நாள் காயவிட்டு, முகத்துக்கு இரண்டு பூச்சு, கோட்டு மடிப்பில் கருமையைக் கரைத்து ஓடவிட்டு, கடைசியில் குண்டூசி முனையால் பொத்தான்களும் கண்ணும் வைக்க வேண்டும்.

"அரையங்குல மனுசனுக்குப் பொத்தான் எண்ணிப் போடுறீங்க, உங்க சட்டையில ரெண்டு பொத்தானக் காணோம்லா," என்பார் அண்ணி, அவருடைய மனைவி. பொம்மை ஒன்றே முக்கால் அங்குலம். நான் திருத்தினால் அதற்கும் சிரிப்பார்.

இப்படி வண்ணம் பூசும்போதுதான் அவருடைய ரகசியம் எனக்குத் தெரிந்தது. ஒரு குதிரைவீரனின் காலடித் தரையை அவர் நல்ல சிவப்பாகப் பூசியிருந்தார். செம்மண் என்று நினைத்து, "தரை நல்லாயிருக்கு அண்ணே," என்றேன்.

"புல்லுப்பா அது," என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். "சிவப்பாவா இருக்கு?" என்று கேட்டார்.

சிவப்பும் பச்சையும் அவருக்குக் காய்ந்த இலை மாதிரி ஒரே நிறமாம். பள்ளிக்கூட நாளிலிருந்து மறைத்துவந்திருக்கிறார். மறைத்ததற்குக் காரணம் இருந்தது. அவருடைய அப்பா தண்டவாளத்தில் சம்மட்டி அடித்த கூலி. மேலதிகாரி ஏறிவரும் ரயில் தள்ளுவண்டியைக் கண்டபோதெல்லாம் மண்வெட்டியோடு சரிவில் குதித்து நின்றவர். அந்தப் பாதையில் கார்டு உடுப்பு மாட்டி, விசில் ஊதி, தாமே ஒரு வண்டியை நகர்த்த வேண்டும் என்பதுதான் அண்ணன் இந்த உலகத்தில் கேட்ட ஒரே காரியம். சாதாரண கண் பரிசோதனையில் அவர் தேறிவிட்டார். கார்டு வேலைக்கு வேறொரு சோதனை உண்டு: கம்பளி நூல் கண்டுகளைக் கொட்டி, நிறம் பார்த்துப் பிரிக்கச் சொல்வார்கள். அதற்குப் போக மாஸ்டர் சிபாரிசு எழுத வேண்டும். எழுதுவதாகவும் சொல்லியிருந்தார்.

"தம்பி, நீ யார்கிட்டயும் சொல்லிராத," என்றார்.

நான் சொல்லவில்லை. அதைவிட மோசமான காரியம் செய்தேன். அவருக்குப் பாடம் நடத்தினேன். நாற்பது கண்டு நூல் வாங்கிவந்து, வாரத்தில் மூன்று மாலை, அவர் வீட்டு முன்னறையில் பாய் விரித்துக் கொட்டினேன். நிறம் தெரியாவிட்டாலும் வெளுப்பு, கருப்பு, பளபளப்பு என்று ஏதோ ஒன்றை வைத்துப் பிரிக்கக் கற்றுக்கொண்டார். முதல் வாரம் நாற்பதில் இருபத்திரண்டு சரி. பதினோராவது வாரம் முப்பத்தேழு. மூன்று மட்டும் மசியவில்லை. அந்த மூன்றில் ஒன்று கரும்பச்சை நூல். அதை எப்போதும் சிவப்புகளோடுதான் சேர்ப்பார். ஒரு தடவைகூடத் தவறி மாற்றிப் போட்டதில்லை.

அந்த வேலையில் ஒருவனுடைய கண்ணை நம்பி வண்டியும் வண்டி நிறைய ஜனமும் போகும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. படித்தவன்தானே. அந்தப் பதினோரு வாரத்தில் அதைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

இனிப் போருக்கு வருகிறேன். மாஸ்டர் ஒரு நோட்டில் பதினேழு விதிகள் எழுதி வைத்திருந்தார். ஒன்பதாவது விதி தளபதியைப் பற்றியது. தளபதி விழுந்தால் அவனைச் சுற்றி ஓரடிக்குள் இருக்கும் படை முழுதும் பின்வாங்க வேண்டும். அநேகமாக அதோடு ஆட்டம் தீர்ந்தது. அதனால் தளபதியை ஒளித்துவைக்கக் கூடாது. தன் படையில் வேறு எவனுக்கும் இல்லாத ஒரு நிறத்தில் அவன் கோட்டு இருக்க வேண்டும். எதிரி அவனைச் சுட விரும்பினால் முதலில் விரலால் தொட்டுக் காட்ட வேண்டும். ஆளை மாற்றிக் காட்டினால் அந்த முறைக்குரிய பீரங்கிகள் எல்லாம் வீண்.

அண்ணன் என் தளபதியை ஒவ்வொரு தடவையும் சரியாகத் தொட்டுச் சுட்டார். நிறத்தைப் பார்த்து அல்ல. என் தளபதிக்குத் தொப்பியில் இறகு உண்டு, ஒரு கை தூக்கியிருக்கும். வடிவத்தை வைத்தே கண்டுகொண்டார். தொடர்ச்சியாக ஒன்பது போர் தோற்றேன். ஒன்பதாவது தோல்வியன்று மாஸ்டர், "தம்பி, உங்க ஆளு குதிரையில ஏறுறதுக்கு முன்னாடியே சாவுறாருலா," என்றார். அண்ணனும் சிரித்தார். அதில் ஒன்றும் தப்பில்லை. நான்தான் அந்தச் சிரிப்பை நான்கு நாள் மென்றுகொண்டிருந்தேன்.

ஐந்தாம் நாள் புதுத் தளபதி ஒருவனைச் செய்ய உட்கார்ந்தேன். என்னிடம் ஒரே அச்சில் வார்த்த ஆறு அதிகாரிகள் இருந்தார்கள்: தரையில் நிற்பவர்கள், தோளில் வாள், இறகு கிடையாது. ஐந்து பேருக்குச் சிவப்புக் கோட்டு. ஆறாமவனுக்குப் பச்சைக் கோட்டு பூசினேன். விதிப்படி சரி. பார்ப்பவர் எவருக்கும் மிளகாய்ப் பழக் கூடையில் உட்கார்ந்த கிளி மாதிரித் தெரிவான். ஆனால் அந்தப் பச்சையை நான் டப்பாவிலிருந்து அப்படியே எடுக்கவில்லை. அண்ணன் சிவப்புகளோடு சேர்க்கும் அந்தக் கரும்பச்சை நூல் கண்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கருப்பும் மஞ்சளும் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, அதே நிறம் வரும்வரை கலக்கினேன். ஏழு தடவை கலக்க வேண்டியிருந்தது. ஒன்றும் யோசிக்காமல் செய்த காரியம் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

ஞாயிற்றுக்கிழமை போரில் அவருடைய பீரங்கிகள் நல்ல இடத்தில் வந்து நின்றன. தளபதியைச் சுடப் போவதாக அறிவித்தார். மேசையைச் சுற்றி ஒரு நடை நடந்தார். குனிந்து பார்த்தார். ஆறு பேரும் ஒரே மாதிரி நின்றார்கள். சிவப்புக் கோட்டுக்காரன் ஒருவன் தலையைத் தொட்டார்.

மாஸ்டர் அது வேடிக்கை என்று நினைத்துக்கொண்டார். "வெளையாடாதீங்க. பச்சைக் கோட்டுக்காரன் மூக்குக்கு நேரா நிக்கிறான்."

அண்ணனின் விரல் நகர்ந்தது. இன்னொரு சிவப்பைத் தொட்டது.

மாஸ்டர் முகத்தில் இருந்த சிரிப்பு மறைந்தது. அந்தச் சிவப்புக் கோட்டுக்காரனையும் என் தளபதியையும் எடுத்து, இரண்டு உள்ளங்கையிலும் வைத்து நீட்டினார். குரல் மெதுவாகத்தான் இருந்தது. "தம்பி, இதுல பச்சை எது?"

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் கண்ணை வலப்பக்கம் அசைத்திருந்தால் போதும். மாஸ்டர் கவனித்திருக்க மாட்டார். நான் மேசைமேல் கிடந்த அடிக்கோலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் பன்னிரண்டு அங்குலம் இருந்தது.

"இடது," என்றார்.

மாஸ்டர் பொம்மைகளைத் திருப்பி மேசையில் வைத்தார். "தேத்தண்ணி குடிப்போம்," என்றார். அன்றைய போரில் வெற்றி எனக்கு என்று நோட்டில் எழுதப்பட்டது.

சிபாரிசுக் கடிதம் போகவில்லை. மாஸ்டர் அவரைத் தனியே அழைத்து, மேலிடத்துக்குச் சொல்ல மாட்டேன், சரக்கு ஆபீஸ் வேலைக்கு ஆபத்தில்லை, கொடியையும் விளக்கையும் மட்டும் மறந்துவிடுங்கள் என்று சொன்னாராம். மூன்று ஞாயிறு அண்ணன் விளையாட வரவில்லை. நானும் அவர் வீட்டுப் பக்கம் போகவில்லை.

நான்காவது ஞாயிறு காலை, பூசைக்குப் போட்ட வெள்ளைக் கோட்டோடு நேரே என் அறைக்கு வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை.

"நீ வேணும்னுதான் அந்தப் பச்சையப் பூசின. எனக்குத் தெரியும்," என்றார்.

நான் எழுந்து நின்றேன்.

"மூணு வாரமா யோசிச்சேன். மொதல்ல உன்னக் கொல்லணும்னு இருந்துச்சு. அப்புறம்தான் வெளங்குச்சு. நேரா சொல்லியிருந்தா நான் கேட்டிருக்க மாட்டேன். சண்டைக்கு வந்திருப்பேன். அதான் நீ மாஸ்டர் முன்னாடி பொம்மைய வெச்சுச் சொல்லிட்ட. நூறு பேரு ஏறுற வண்டி தம்பி. சிவப்பக் காட்டுற எடத்துல நான் பச்சைன்னு விசில் ஊதியிருந்தா? நான் அதை நெனைக்கவே இல்ல. நீ நெனைச்ச. அப்படித்தானே?"

அவருக்கு அந்தக் காரணம் தேவையாக இருந்தது என்று இன்று சொல்லலாம். அன்று அதெல்லாம் தோன்றவில்லை. தப்பிக்க ஒரு வாசல் திறந்தது, நுழைந்துவிட்டேன்.

"ஆமா அண்ணே," என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஒரு போரில் ஜெயிக்கத்தான் அதைச் செய்தேன் என்று சொல்ல, அவர் பிடித்திருந்த அந்த நேரம் போதுமானதாக இருந்தது. சொல்லவில்லை.

அதன்பிறகு அவர் இருபத்திரண்டு வருஷம் சரக்கு ஆபீஸில் மூட்டை எண்ணினார். வண்டி புறப்படும் நேரத்தில் மட்டும் பிளாட்பாரத்துப் பக்கம் வர மாட்டார் என்று அவரோடு வேலை செய்தவர்கள் சொன்னார்கள். மனிதர்கள் கூடிய இடத்தில் என்னைக் காட்டி, "என்னைய ஒரு பெரிய பாவத்துலேருந்து காப்பாத்துனவன்," என்பார். நான் கேட்க ஏழு முறை சொல்லியிருக்கிறார். கேட்காமல் எத்தனை முறையோ. அந்தப் பெயரால் அவர் வீட்டு விருந்துகளில் எனக்கு முதல் பந்தியில் இடம். நான் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

அவரை அடக்கம் செய்து முப்பதாம் நாள் பூசைக்குப் போயிருந்தேன். வீட்டில் பேரப்பிள்ளைகள் ஐந்து பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணி எனக்குக் காப்பி கொடுத்துவிட்டு, "தாத்தா கதைய இதுங்க சரியாக் கேட்டதே இல்ல. நீங்க சொல்லுங்க தம்பி. நீங்க சொன்னாத்தான் சரியா இருக்கும்," என்றார்.

ஐந்து முகங்களும் என்னைப் பார்த்தன. நான் காப்பியைக் கீழே வைத்துவிட்டு, அவர் எப்படிச் சொல்வாரோ அப்படியே சொன்னேன்.