அரசப்பன் போகாத விசேஷங்கள்

திருத்துறைப்பூண்டிப் பக்கத்தில் ஒரு வாய்க்காலுக்கு மதகு திறந்து அடைக்கிற லஸ்கர் வேலை அரசப்பனுக்கு. ஆற்றில் தண்ணீர் வருகிற மாதங்களில் அந்த ஆளை வீட்டில் பார்க்க முடியாது. சொந்தக்காரர்களோ ஆவணி, ஐப்பசி பார்த்துத்தான் கல்யாணம் காதுகுத்து வைப்பார்கள். அவர்களைச் சொல்லி என்ன, மேட்டூர் அணையைக் கேட்டா பஞ்சாங்கம் எழுதுகிறார்கள்?

ஒவ்வொரு விசேஷத்துக்கும் ஒரு வாரம் முன்பே மனைவி அம்சவல்லி தொடங்கிவிடுவாள். "இந்தத் தடவையாவது லீவு போடுங்க. என் தம்பி வூட்டு விசேஷம்."

அவரும் நல்ல பிள்ளையாக லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வருவார். புறப்பட வேண்டியதுதான் பாக்கி. அதற்குள் தண்ணீர் கூடுதலாய் வருகிறது, கரை எங்கேயோ கசிகிறது என்று சேதி வரும். கட்டிய பட்டுக்கரை வேட்டியை மடித்துக்கொண்டு மதகுக்கு ஓடிவிடுவார். லீவு எழுதிக் கொடுத்தவர், 'வேலைக்கு வந்துவிட்டேன்' என்று அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமா இல்லையா? அது மட்டும் அவருக்குத் தோன்றவே தோன்றாது. சம்பளம் குறையவில்லை, அப்புறம் என்ன?

அம்சவல்லி தனியாகப் பஸ் ஏறுவாள்.

அவருக்கு அறுபது ஆயிற்று. வேலையிலிருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். எடுக்காத லீவுக்கெல்லாம் கடைசியில் சேர்த்துப் பணம் தருவார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து அம்சவல்லி அதை நம்பித்தான் இருந்தாள். ஒழுகுகிற ஓட்டுக் கூரையைப் பிரித்துவிட்டுத் தளம் போட வேண்டும். கொத்தனாரிடம்கூடச் சொல்லி வைத்துவிட்டாள்.

"பொண்டாட்டி பக்கத்துல நிக்காத நாளுக்கெல்லாம் கவர்மென்ட்டு காசு குடுக்குதுன்னா, அது யாரு காசு? என் காசு!"

இரண்டு பேருமாக அலுவலகத்துக்குப் போனார்கள். அங்கே கணக்குப் பார்க்கிற கலைமகள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள். "காதுகுத்துக்கு எடுத்திருக்கீங்க, மஞ்சநீருக்கு எடுத்திருக்கீங்க, குடிபோறதுக்கு எடுத்திருக்கீங்க. இதெல்லாம் கழிச்சா பாதிதாங்க வரும்."

"எழுதிக் குடுத்தேங்க. எடுக்கல" என்றார் அரசப்பன்.

"எழுதிக் குடுத்துட்டு யாராவது எடுக்காம இருப்பாங்களா?"

"நான் இருந்தனே."

கலைமகள் சிரித்துவிட்டாள். நல்ல பெண். அரசப்பன் மதகில்தான் கிடந்தார் என்று வாய்க்கால் பாசனக்காரர்கள் வந்து சொன்னதையும் கேட்டுக்கொண்டாள். "எல்லா லீவுக்கும் காரணம் மைத்துனர் சேரன் வீட்டு விசேஷம்னு போட்டிருக்கு. அவரு வந்து, 'இவரு வரல'ன்னு எழுதிக் குடுத்துட்டா முடிஞ்சுதுங்க. மேல அனுப்பிடலாம்."

அரசப்பன் முகம் மலர்ந்தது. அம்சவல்லி முகம் செத்துவிட்டது.

ஏன் என்று கேளுங்கள். புருஷன் வராத விசேஷத்தில் ஒரு பெண் எத்தனை பேருக்குப் பதில் சொல்வாள்? 'வந்தாரு, முதல் பந்தியிலயே சாப்பிட்டாரு, அவசரமா கிளம்பிட்டாரு' என்று தம்பியிடமும் வந்தவர்களிடமும் ஒரு தடவை சொன்னாள். அது நன்றாக எடுபட்டது. அதற்குப் பிறகு எல்லா விசேஷத்திலும் அரசப்பன் முதல் பந்தியிலேயே சாப்பிட்டுக் கிளம்பிவிட்டார்.

"அவன் எதுக்கு மேடம்? நான் சொல்றேனே."

"வீட்டுக்காரம்மா சொன்னா எடுபடாதுங்க."

தம்பியிடம் போனில் விஷயத்தைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. 'ஆபீசுல ஒரு சாட்சி சொல்லணும்டா' என்று மட்டும் சொல்லி வைத்தாள். மறுவாரம் சேரன் சலவைச் சட்டையோடு வந்து நின்றான். கலைமகள் கேட்டாள். அவனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"யாருங்க சொன்னது மச்சான் வரலைன்னு? எங்க மச்சான் ஒரு விசேஷத்தையும் விட்டதில்ல! முதல் பந்தி அவருதான்!"

அரசப்பன் வாயைப் பிளந்தார். "நானா?"

"நீங்க சும்மா இருங்க மச்சான். காதுகுத்துல நானே உங்களுக்கு வடை வச்சனே!"

இதுதான் வேடிக்கை. அக்கா சொன்னதைப் பத்துப் பேரிடம் சொல்லிச் சொல்லி, அவனே பரிமாறியதாக நம்பிவிட்டான். கலைமகள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். வைத்த பேனாவோடு தளத்தில் பாதியும் போவது அம்சவல்லிக்குத் தெரிந்தது. மானமா, மழைக்கு ஒழுகாத வீடா? முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"வரலடா. அந்த மனுசன் ஒண்ணுத்துக்கும் வரல. நீ வச்ச வடைய நான்தான் முந்தானையில முடிஞ்சு எடுத்தாந்தேன். இது மதகுமேல ஒக்காந்து தின்னுச்சு."

"வடை நல்லா இருந்துச்சு மாப்ள" என்றார் அரசப்பன். அந்த நேரத்தில் சொல்ல வேண்டிய பேச்சா அது?

சேரன் அக்கா பக்கம் திரும்பினான். "அப்ப என் வூட்டு வாசப்படி எந்தப் பக்கம்னுகூட மச்சானுக்குத் தெரியாது?"

"தெரியாதுடா."

"ஊரெல்லாம் பெருமை பேசுனேனேக்கா."

"நானுந்தான் பேசுனேன்" என்றாள் அம்சவல்லி.

சேரன் பேனாவை வாங்கினான். எழுதுமுன் மச்சானைப் பார்த்து விரலை நீட்டினான். "வர்ற ஆவணியில பேத்திக்குக் காதுகுத்து. வரணும்."

"ஆவணியிலயா? தண்ணி ஃபுல்லா வர்ற நேரமாச்சே மாப்ள..."

அம்சவல்லி திரும்பி ஒரு பார்வை பார்த்தாள்.

"வரேன், வரேன்" என்றார் அரசப்பன்.

பணம் முழுசாக வந்தது. தளமும் போட்டாயிற்று. ஆவணியில் இரண்டு பேரும் ஒன்றாகப் பஸ் ஏறினார்கள். அரசப்பன் ஜன்னலோரம் உட்கார்ந்தார். ஒவ்வொரு பாலம் வரும்போதும் தலையை வெளியே நீட்டி, "இந்த மதகை எவ்வளவு தூக்கியிருக்கான் பாரு, வயல் மூழ்கிடும்" என்று எழுந்து எழுந்து பார்த்தார். மூன்றாவது பாலத்தில் கண்டக்டரிடம், "தம்பி, கொஞ்சம் நிறுத்துங்க" என்றார்.

அம்சவல்லி அவரை எழுப்பி இந்தப் பக்கம் தள்ளிவிட்டு, ஜன்னலோரத்தில் தான் உட்கார்ந்துகொண்டாள்.