மருதையின் வாயும் என் மண்டபமும்

மருதைக்கு மூன்று மாதச் சம்பளம் பாக்கி வைத்திருந்தேன். மண்டபம் பார்க்க வருகிறவர்களை எல்லாம் அவனே விரட்டிவிட்டால் நான் எங்கிருந்து கொடுப்பது?

மூன்றாம் வகுப்போடு நின்று, சத்திரம் பேருந்து நிலையத்தில் மூட்டை தூக்கியவன் நான். கொள்ளிடக் கரையில் ஒரு ஜமீன்தார் கட்டிய பங்களாவை வாங்கிக் கல்யாண மண்டபம் ஆக்கினேன். படித்தவன் எவனுக்கும் அந்தத் துணிச்சல் வரவில்லை. பங்களாவோடு சேர்ந்து வந்த தலைவலிதான் மருதை. அவன் அப்பா ஜமீனுக்குத் தோட்டக்காரர். அது பிரசவ ஆஸ்பத்திரி ஆனபோது இவன் தண்ணீர் சுமந்தான். நெல் குடோன் ஆனபோது மூட்டை அடுக்கினான். அப்புறம் டுடோரியலில் மணி அடித்தான். இப்போது எனக்கு வாட்ச்மேன்.

உறையூரிலிருந்து ஒரு பெண் வீட்டார் வந்தார்கள். மருதை மணமகள் அறையைத் திறந்துவிட்டு, "இங்கதாங்க நெல்லு கெடந்துச்சு. எலியப் புடிக்கப் பாம்பு வரும்" என்றான். பெண்ணின் அம்மா செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினாள். காட்டூர்க்காரர்களிடம் சாப்பாட்டுக் கூடத்தைக் காட்டி, "குதிரை லாயம்" என்றான்.

மார்கழி பிறந்தது. நம் ஆட்கள் யாரும் கல்யாணம் வைக்க மாட்டார்கள். நல்லவேளையாக நிஜாமுதீன் பாய், மகள் நிக்காஹுக்கு இடம் பார்க்க வந்தார். "வாயத் தொறந்தே, இன்னியோட உனக்கு வேலை கெடையாது" என்று மருதையை மிரட்டிவிட்டுத்தான் அவரை உள்ளே கூட்டிப் போனேன்.

"அண்ணே, இங்க முன்னாடி ஆஸ்பத்திரி இருந்துச்சாமே?" என்றார் பாய்.

"சேச்சே! ஆரம்பத்துலேர்ந்தே மண்டபந்தான்."

அவர் முகம் வாடிவிட்டது. "அப்ப இது இல்ல. கொள்ளிடக்கரை பங்களா ஒண்ணுலதான் அம்மா என்னையப் பெத்தாங்களாம். பேத்தி நிக்காஹ் அங்கதான் நடக்கணும்னு நிக்குறாங்க. வர்றேண்ணே."

ஓடிப்போய் வாசலை மறித்தேன். "மருதை, சொல்லுய்யா!"

கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றான், படுபாவி.

"சொல்லித் தொலைய்யா!"

"வேலைய விட்டுத் தூக்க மாட்டீங்களே மொதலாளி?"

"மாட்டேன்."

"பாக்கி?"

"இன்னிக்கே தர்றேன்யா!"

அப்புறம்தான் கையை எடுத்தான். "பாய், மேல அந்தக் கொக்கியெல்லாம் பாருங்க. தொட்டில் கட்டுனது. வெந்நீர் கொண்டாந்ததே நாந்தான்."

பாய் என்னைப் பார்த்தார். "ஆரம்பத்துலேர்ந்தே மண்டபமாண்ணே?" என்று சிரித்துவிட்டு, வீடியோ காலில் அம்மாவுக்குக் கொக்கிகளைக் காட்டினார். அட்வான்ஸை அங்கேயே கொடுத்தார்.

"அவரு போகட்டும்யா" என்று மருதையிடம் முணுமுணுத்தேன். எங்கே கேட்டான்? பாய்க்கு முன்னாலேயே கையை நீட்டிவிட்டான். பல்லைக் கடித்துக்கொண்டு, மூன்று மாதச் சம்பளத்தையும் அந்த உள்ளங்கையில் எண்ணி வைத்தேன்.