இரண்டு முறை கூப்பிட்டாள்

நான் இட்டுக்கட்டிப் பேசுகிறவள் என்று சூலூரில் எங்கள் வீதிக்கே தெரியும். மற்ற கதைகளுக்கு அது சரி. இது நடந்தது. 1996 ஜூலை 18, வியாழக்கிழமை.

பக்கத்து வீட்டுத் தம்பிதுரை பன்னிரண்டு விசைத்தறி ஓட்டுகிறவர். அவருடைய முதல் மனைவி தெய்வாத்தாள் 91-இல் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கிணற்றில் விழுந்து செத்துப்போனாள். அன்று கரண்ட் ஷட்டவுன். தறிகள் நின்று வீதியே ஊமையாகக் கிடந்தது. தம்பிதுரை திருப்பூர் போயிருந்தாராம். போலீசிடமும் அதையே சொன்னார். "சத்தம் ஏதாவது கேட்டுச்சா?" என்று என்னையும் விசாரித்தார்கள். "இல்லீங்க" என்றேன்.

கேட்டது. "அக்கா..." என்று இரண்டு முறை.

அவளுடைய மிக்ஸி ஜாரை இரவல் வாங்கி வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அதைக் கேட்கத்தான் கூப்பிடுகிறாள் என்று கம்மென்று இருந்துவிட்டேன். யார் வீட்டில் எது நடந்தாலும் முதல் ஆளாகப் போய் நிற்கிற நான்... அன்று மட்டும் போகவில்லை. இதை ஐந்து வருஷம் யாரிடமும் சொன்னதில்லை.

அடுத்த வருஷமே தம்பிதுரை பிரவீனாவைக் கட்டினார். லோகப்பிரியா பிறந்தாள். மூன்று வயதாகியும் பேச்சு வரவில்லை. இடது புருவத்தின் மேல் மச்சம். தெய்வாத்தாளுக்கு இருந்த அதே இடம்.

"அவங்கதானுங்கக்கா வந்து பொறந்திருக்காங்க" என்பாள் பிரவீனா. எம்.எஸ்சி. படித்தவள். பேயை நம்ப மாட்டாள். மறுபிறவியை நம்புவாள். அது சயின்ஸாம்.

"அப்ப மிக்ஸி ஜாரை இவகிட்டத்தான் திருப்பிக் குடுக்கோணுமா அம்மணி?" என்று சிரித்தேன்.

அந்த வியாழக்கிழமையும் ஷட்டவுன். மத்தியானம் 2.40. டடக்... டடக்... டட... தறிகள் நின்றன.

"அக்கா..."

வளர்ந்த பெண்ணின் குரல். கிணற்றுப் பக்கமிருந்து.

நான் அசையவில்லை.

"அக்கா..."

ஓடினேன்.

கிணற்றுச் சுவர்மேல் லோகப்பிரியா. இரண்டு காலும் உள்பக்கம்.

அள்ளி எடுத்தேன்.

குழந்தை அழவில்லை. என் காதில் வாயை வைத்தது.

"போன தடவை ஏனுங்கக்கா வரலை?"

அதோடு சரி. பிறகு ஒரு வார்த்தை இல்லை.

மறுவாரம் தம்பிதுரை கிணற்றை ஸ்லாப் போட்டு மூடினார். மனசு தாங்காமல் பக்கத்தில் போய்ச் சொல்லிவிட்டேன்.

"தம்பி... அன்னிக்குத் தெய்வாத்தா ரெண்டு தடவை கூப்பிட்டா. எனக்குக் கேட்டுச்சுங்க. நாந்தான் வரலை."

அவர் சிமென்ட்டின் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தார். திரும்பவில்லை.

"மூணு தடவைங்கக்கா" என்றார்.

சூலூரிலிருந்து திருப்பூர் முப்பது கிலோமீட்டர் இருக்கும்.