முப்பத்தொன்பதாம் நம்பர்

அந்த அட்டைப்பெட்டியை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பளபளக்கும் கறுப்புப் பெட்டி. மேலே சிறகு விரித்த கழுகு, அதன் காலடியில் அமெரிக்கக் கொடி, உள்ளே கண்ணாடிச் சாமானுக்குப் போடுவது போல மெத்தை. பார்க்கிற யாரும் கடல் தாண்டி வந்த சரக்கென்று சத்தியம் செய்வார்கள். அது அச்சானது அபுதாபியின் முசஃபாவில், எங்கள் கராஜிலிருந்து இரண்டு சந்து தள்ளி. அச்சகத்துக்குப் போய் ஆர்டர் கொடுத்து வந்தவன் நான். உள்ளே வைத்த இரும்பைச் செய்தவர் எங்கள் வெல்டர். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர் என்பதால் எல்லோருக்கும் அண்ணாச்சி.

பிக்கப் வண்டிகளைத் தரையோடு தரையாகத் தாழ்த்திக் கொடுப்பதில் எங்கள் கராஜுக்குப் பெயர் உண்டு. முன்சக்கரத்தைச் சேசிஸோடு பிடித்திருக்கிற இரும்புக் கையைக் கன்ட்ரோல் ஆர்ம் என்பார்கள். அதன் நடுவில் ஸ்பிரிங் உட்காரும் கிண்ணத்தை வெட்டி எடுத்து, இரண்டு அங்குலம் கீழே இறக்கி மறுபடி பற்றவைத்தால் வண்டியின் மூக்கு இரண்டு அங்குலமும் அதற்கு மேலும் தாழும். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் வெட்டிய கை பலம் இழந்த கை. வண்டியின் முன்பாரம் முழுக்க அதன்மேல்தான் நிற்கிறது. அண்ணாச்சி அதன் அடியில் தகடு வைத்து நாலு பக்கமும் மூடி, பெட்டி போலக் கட்டுவார். பிறகு சிவப்புச் சாயம் அடித்துத் துடைத்து, மேலே வெள்ளை மருந்து தெளித்துக் காத்திருப்பார். மயிரிழை விரிசல் இருந்தாலும் சிவப்புக் கோடாக எழுந்துவிடும். அப்படி ஒன்று எழுந்து நான் பார்த்ததில்லை.

எல்லாம் முடிந்ததும் ஒரு சுத்தியலையும் இரண்டு எண் உளிகளையும் எடுத்து, வெல்டின் ஓரத்தில் 39 என்று அடிப்பார். முன்பு புஜைராவில் எண்ணெய் டாங்க் கட்டும் வேலையில் இருந்தவர் அவர். அங்கே ஒவ்வொரு வெல்டருக்கும் ஒரு நம்பர் உண்டு, பற்றவைத்த ஒவ்வொரு மூட்டுக்குப் பக்கத்திலும் அதை அடிக்க வேண்டும் என்பது சட்டம். எங்கள் கராஜில் அப்படிச் சட்டம் எதுவும் இல்லை. ஏன் அண்ணாச்சி இந்த வேலை மெனக்கெட்டு என்று கேட்டேன். "நாளைக்கு ஒரு தப்புன்னா எவன்கிட்ட போயி கேக்கணும்னு தெரிய வேண்டாமாவே?" என்றார்.

முதலாளிக்கு அந்த நம்பர் கண்ணில் விழுந்த மணலாக உறுத்தியது. முசஃபாவில் செய்தது என்றால் முகம் சுளிக்கிற அதே வாடிக்கையாளர், அமெரிக்காவிலிருந்து வந்தது என்றால் ஆறு வாரம் காத்திருக்கத் தயார். ஆகவே பெட்டி வந்தது, கழுகு வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, அண்ணாச்சிக்கு லீவு நாளில், முதலாளி என்னைக் கூப்பிட்டு "பாய், யே நம்பர் மாஃபி. கலாஸ்" என்று, இந்த நம்பரே இருக்கக் கூடாது என்ற அர்த்தத்தில், கிரைண்டரைக் காட்டினார். ஜாப் கார்டு எழுதுகிற கிளார்க் நான். என் விசா புதுப்பிக்கும் தாள் அவர் மேசையில் கையெழுத்துக்காகக் கிடந்தது. தேய்த்தேன். மேலே கறுப்புப் பெயின்ட் அடித்துக் கழுகு ஸ்டிக்கரை ஒட்டினேன். வெறும் நம்பர்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதற்குப் பிறகு வாராவாரம் அவர் அடித்தார், வாராவாரம் நான் தேய்த்தேன்.

பெட்டிக்குக் கிராக்கி ஏறியதும், அண்ணாச்சி ஒரு ஜோடிக்கு மூன்று நாள் எடுக்கிறார் என்று முதலாளிக்குப் பொறுக்கவில்லை. பின்சந்தில் ஒரு ஷெட்டில் பாதி நாளில் செய்து வாங்கி, அதே பெட்டியில் வைத்தார். அடித்தகடு கிடையாது, சாயம் கிடையாது. ஸ்டோரில் இரண்டும் கலந்து கிடந்தன. அதுவும் எனக்குத் தெரியும்.

அப்படிப் போன ஒன்று ஒரு வேகத்தடையில் கிழிந்தது. சக்கரம் மடங்கி வண்டி சுவரில் போய் நின்றது. ஓட்டியவருக்கு மணிக்கட்டு முறிந்தது. பக்கத்து சீட்டில் இருந்த அவர் சின்ன மகள் பெல்ட் போட்டிருந்ததால் பிழைத்தாள். மறுவாரம் கட்டுப்போட்ட கையோடு வந்து, உடைந்த ஆர்மை முதலாளியின் மேசையில் போட்டார். முதலாளி ஒரு நொடி கூடத் திணறவில்லை. "சாமான் அமெரிக்கா, குற்றம் இல்லை. மாட்டும்போது எங்கள் வெல்டர் கை வைத்துவிட்டான்" என்றார். நன்றாக நின்றால் அமெரிக்கா, உடைந்தால் அண்ணாச்சியா?

வந்தவர் போனதும் அண்ணாச்சியை வரவழைத்தார்கள். ஆர்மைப் புரட்டிப் பார்த்தவர் முகம் கறுத்தது. "இது என் வேலை இல்ல. காக்கா எச்சம் மாதிரி அடிச்சிருக்கான், அடியில தகடே இல்ல. என் வேலைன்னா முப்பத்தொன்பது இருக்கும்" என்றார். ஃபோர்மேன் அதை இந்தியில் சொன்னார். முதலாளி சிரித்துக்கொண்டே ஸ்டோரிலிருந்து நாலு ஆர்ம்களை வரவழைத்துப் பரப்பினார். மூன்றில் தகடு இருந்தது, அண்ணாச்சியின் கையென்று குருடனுக்கும் தெரியும். ஆனால் எதிலும் நம்பர் இல்லை. "எங்கே உன் நம்பர்? எதிலும் இல்லையே. உடைந்த இதில் தகடு வைக்க மறந்துவிட்டாய், அவ்வளவுதான்" என்றார். மற்றவற்றில் நம்பர் இருந்திருந்தால், உடைந்ததில் அது இல்லை என்பதே அவரைக் காப்பாற்றியிருக்கும் சாட்சி. அந்தச் சாட்சியை வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமையாகத் தேய்த்து அழித்தவன் மேசைக்குப் பக்கத்தில் பேனாவோடு நின்றுகொண்டிருந்தான்.

அண்ணாச்சி ஃபோர்மேனைப் பார்த்தார். ஃபிட்டர்களைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார், கொஞ்சம் அதிக நேரம். நான் ஜாப் கார்டில் எதையோ தேடுவது போலக் குனிந்துகொண்டேன். பத்து நாளில் அவர் விசா கேன்சல். 'வேலையில் கவனக்குறைவு' என்று அவர் கடிதத்தில் டைப் அடித்ததும் நான்தான். அந்தச் சொல்லோடு வளைகுடாவில் வேறு எந்தக் கம்பெனி அவரைத் திரும்ப எடுக்கும்?

முதலாளி இன்னும் நன்றாகத்தான் இருக்கிறார். நான் அங்கிருந்து விலகி நாலு வருஷம் ஆகிறது, முசஃபாவிலேயே வேறொரு கராஜில் இருக்கிறேன். போன மாதம் எப்படியோ அண்ணாச்சியின் ஃபோன் நம்பரைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டேன். வள்ளியூர்ப் பக்கம் டிராக்டர் டிரெய்லர் கட்டுகிறாராம். சுற்றி வளைத்து, திக்கித் திணறி, தேய்த்தது நான்தான் அண்ணாச்சி என்று சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் கொஞ்சம் நிம்மதியாக இருக்கும் என்று கூட எண்ணியிருந்தேன்.

"தெரியும்வே. விரல் இடுக்குல கறுப்புப் பெயின்டோட சனிக்கிழமை டூட்டிக்கு வார கிளார்க்கு முசஃபாவுல வேற எவன் இருக்கான்?"

"அப்ப அன்னைக்கு ஏன் அண்ணாச்சி என்னைக் காட்டிக் குடுக்கல?"

அந்தப் பக்கம் வெல்டிங் மிஷினை யாரோ நிறுத்தினார்கள். அவர் குரல் தெளிவாகக் கேட்டது.

"நீரே சொல்லுவீருன்னுதாம்வே நின்னேன்."