நெவிலுக்கு மூக்கு திரும்பியது

இங்கிலாந்தின் கிரிம்ஸ்பி மீன்துறைமுகத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு மீன் கவுச்சி தெரியாது என்றால் யாராவது நம்புவார்களா? நெவில் டுரூரிக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்துச் சுவருக்குப் பின்னால் தொடங்கிய சிகரெட், அவன் ஐஸ் ஆலையில் வேலைக்குச் சேர்வதற்குள் மூக்கைத் தின்று தீர்த்துவிட்டது. ரோஜாவும் சாக்கடையும் அவனுக்கு ஒன்றுதான்.

அந்தச் செத்த மூக்குதான் அவனுக்குக் கல்யாணம் செய்து வைத்தது. அப்போதெல்லாம் புகைப்பவர்கள் பஸ்ஸின் மாடியில்தான் உட்கார வேண்டும். மீன் அரியும் பெண்களும் வேலை முடிந்தால் நேரே மாடிக்குத்தான் ஏறுவார்கள். கீழே உட்கார்ந்தால் கடைத்தெருவுக்குப் போகும் சீமாட்டிகள் கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்துவார்கள். அந்த அவமானத்துக்குப் புகையே தேவலை. அப்படி ஒருநாள் ஏறியவள் மாக்சின். நெவில் பக்கத்தில் மட்டும்தான் இடம் இருந்தது.

"நாறுதுன்னா இப்பவே சொல்லிடு. நின்னுக்கிட்டே வந்துடுறேன்."

"எது நாறுது?" என்றான் இவன், நிஜமாகவே தெரியாமல்.

அந்த ஒரு கேள்விக்கு அவள் விழுந்துவிட்டாள். விழாமல் என்ன செய்வாள்? எத்தனை எலுமிச்சம்பழம் தேய்த்தாலும் விரலிடுக்கில் ஒட்டிய கவுச்சி போவதில்லை. நடன அரங்கில் கையைப் பிடித்தவன் பாட்டு முடிவதற்குள் நழுவிவிடுவான். இவனோ அந்தக் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டான். கல்யாணத்துக்குப் பிறகு தினமும் சாயங்காலம் அவள் வாசலில் நுழைந்ததும் கழுத்தில் முகம் புதைத்து ஒரு முத்தம். சண்டை போட்ட நாளில்கூட அது தவறியதில்லை. பிள்ளை குட்டி இல்லாத வீட்டுக்கு அதுதான் விளக்கு வைக்கிற நேரம்.

"என் புருஷன் மூக்கு செத்துப்போச்சு, நல்லவேளை!" என்று மீன் ஆலையில் மாக்சின் சொல்லிச் சிரிப்பாள். வேலை உடுப்போடு, குளிக்காமல், அவன்மேல் சாய்ந்து தேநீர் குடிப்பாள்.

அறுபதை நெருங்கும்போது நெவிலுக்கு மாடிப்படி மலையாகிவிட்டது. பாதியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவான். காலையில் இருமத் தொடங்கினால் பக்கத்து வீட்டு நாய் குரைக்கும். கடைசியில் அவனை இழுத்துக்கொண்டு போனவளே மாக்சின்தான். "நீ போய்ச் சேர்ந்துட்டா நான் யாரோட சண்டை போடுறது? கிளம்பு!"

புகைப்பதை விட உதவும் நிலையத்தில் ஷெரில் என்ற நர்ஸ், சிகரெட்டுக்குப் பதிலாக ஆவி இழுக்கும் வேப் ஒன்றை இலவசமாகக் கொடுத்தாள். "இதுவும் ஒண்ணும் பச்சைத்தண்ணி இல்ல, ஒருநாள் இதையும் விடணும். ஆனா அந்தச் சனியனுக்கு இது எவ்வளவோ மேல்" என்றாள். மூச்சில் எவ்வளவு புகைநஞ்சு இருக்கிறது என்று காட்டும் ஒரு குழாயில் ஊதச் சொன்னாள். விளக்கு சிவப்பாக எரிந்தது.

முதலில் இருமல் கூடித்தான் போனது. பழுப்புச் சளி வந்துகொண்டே இருந்தது. "வரட்டும், உள்ளே பெருக்குறாங்க" என்றாள் மாக்சின். பிறகு ஒருநாள் நிற்காமல் மாடி ஏறினான். குழாய் விளக்கு பச்சையாயிற்று. சாப்பாட்டில் உப்பு கரித்தது. இத்தனை வருடமும் உப்பைக் கொட்டியவன் அவனேதான். பின்வாசலில் நின்றபோது என்னவோ புதிதாக வந்தது. மழைபெய்த மண். பொல்லாத ஆள், அழுதேவிட்டான்.

அன்று சாயங்காலம் மாக்சின் வந்தாள். வழக்கம்போலக் கழுத்தில் முகம் புதைத்தான். கவுச்சி என்றால் அப்படி ஒரு கவுச்சி! பல்லைக் கடித்துக்கொண்டு முத்தத்தைக் கொடுத்துவிட்டு, கெட்டிலை வைக்கிற சாக்கில் உள்ளே போனான். அவளிடம் சொல்லவில்லை. சொல்ல வாய் வருமா?

மனிதனுக்கு எதுவும் பழகும். ஆனால் இது பழகியதோடு நிற்கவில்லை. கோடைக்குள் அந்த வாடைக்காக அவன் ஜன்னலோரம் காத்திருந்தான். உப்பு, ஐஸ், மீன், அதற்கடியில் அவளுடைய வியர்வை. இத்தனை காலம் கூட இருந்தவளை இப்போதுதான் முழுசாகப் பார்க்கிறோம் என்று தோன்றியது. அந்தச் சந்தோஷத்தையும் அவளிடம் சொல்ல முடியவில்லை, பாவம்.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை காலை. மாக்சின் அவன் கோப்பையில் பாலைச் சாய்க்கப் போனாள். மேசைக்கு அந்தப் பக்கம் பேப்பர் படித்துக்கொண்டிருந்த நெவில் தலையைத் தூக்காமலே சொன்னான்.

"ஊத்தாதே மாக்ஸ். பால் கெட்டுப்போச்சு."

அவள் பாட்டிலை மூக்கருகே கொண்டுபோனாள். கெட்டுத்தான் போயிருந்தது. பாட்டிலை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"அங்கேருந்து உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

நெவில் பேப்பரை மடித்து வைத்தான்.

"எப்பலேருந்து?"

"கொஞ்ச நாளா..."

"எப்பலேருந்து நெவில்?"

"ஈஸ்டர்லேருந்து."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். "அப்ப தினம் வாசல்ல மூச்சைப் பிடிச்சுக்கிட்டா நின்னே?"

"முதல்ல ஒரு வாரம். பொய் சொல்ல மாட்டேன். இப்ப எனக்கு அது புடிச்சிருக்கு. சத்தியமா."

"புடிச்சிருக்காம்! மீன் நாத்தம் பூனைக்குத்தான் புடிக்கும்."

அவன் சிரித்துவிட்டான். சிரித்திருக்கக் கூடாது. அவள் முகம் கன்றியது.

"குளிக்காம உக்கார எனக்கு உலகத்துல ஒரே ஒரு இடம்தான் இருந்துச்சு" என்றாள். "அதுவும் போச்சு."

அதன்பின் அவள் ஆலையிலேயே குளித்துவிட்டு வந்தாள். வடகடல் காற்றில் ஈரத்தலையோடு, ஒரு மணி நேரம் தாமதமாக. பிளீச்சில் ஊறி விரல்கள் வெடித்தன. முத்தத்துக்குக் கழுத்தைக் காட்டுவதில்லை, கன்னத்தைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவாள். பிறகு பின்னறைக்குப் படுக்கையை மாற்றினாள். "உன் இருமல்ல தூக்கமே வர்றதில்லப்பா" என்றாள். அவனுக்கு இருமல் நின்று மாதக்கணக்காகிவிட்டது. இருவருக்கும் அது தெரியும்.

பொறுக்க முடியாமல் நெவில் ஒருநாள் சிகரெட் வாங்கிக்கொண்டு பின்முற்றத்தில் நின்று பற்றவைத்தான். இரண்டு இழுப்பு இழுத்திருப்பான். மாக்சின் ஓடிவந்து வாயிலிருந்து பிடுங்கி மிதித்தாள்.

"எனக்காகவா?"

"வேற யாருக்காக? மூக்கு போனா போகட்டும். நீ திரும்பி வா."

"எனக்காகச் சாவியா நீ? அதையும் நான் சுமக்கணுமா, கூறுகெட்டவனே!" அடித்தாள், அழுதாள். அவன் அவள் கையைத் தன் முகத்துக்குக் கொண்டுபோனான். "நாறுது மாக்ஸ். எனக்கு அதுதான் வேணும்."

"உனக்கு நாறாதப்ப நீ சொன்னதை நான் நம்பினேன்" என்று கையை உருவிக்கொண்டாள். "இப்ப என்ன சொன்னாலும் பாவம் பார்த்துச் சொல்றேன்னுதான் காதுல விழுது. நான் என்ன பண்ண?"

அடுத்த பரிசோதனைக்கு இருவரும் சேர்ந்தே போனார்கள். விளக்கு பச்சையாகத்தான் எரிந்தது. "நெஞ்சு நல்லாத் தேறியிருக்கு!" என்று ஷெரில் கைதட்டினாள். "வீட்டுல சந்தோஷம்தானே மாக்சின்?"

"ரொம்ப" என்றாள் மாக்சின். "நல்லா மூச்சு விடுறாரு."

மறுநாள் அவள் வேலைக்குப் போன பிறகு நெவில் ஒரே மூச்சில் மாடி ஏறிப் பின்னறைக் கதவைத் திறந்தான். அவள் தலையணையை எடுத்து முகத்தோடு அழுத்திக்கொண்டு ஆழமாக மூச்சை இழுத்தான். சோப்புத்தூள் தெரிந்தது. பிளீச் தெரிந்தது. இழுத்து இழுத்துப் பார்த்தான். மாக்சின் இல்லை.