கோழி வளர்ப்பில் பிறந்த தம்பி

உச்சி வெயிலிலும் அந்த இரும்புத் தூண் சில்லென்றுதான் இருக்கும். கன்னத்தை வைத்தால் பல் வரைக்கும் குளிரும். கொஞ்சம் துரு நாறும், கொஞ்சம் உப்பு... எனக்கு அப்போது பத்து வயது. யார் முதலில் தூணைக் கட்டிப்பிடிப்பது என்று பிள்ளைகள் எல்லோரும் அடிபடுவோம்.

நேற்று ஊர்காவற்றுறையில் தம்பி ஜூட்டின் கல்யாண வரவேற்பு. முடிந்து வந்த பிறகும் மனம் ஒரு இடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. அதுதான் இதை எழுதுகிறேன்.

அந்தத் தூண் நின்றது விக்டோரியா மகாராணி காலத்தில் வெள்ளைக்காரர் கட்டிய கண்காட்சி மண்டபத்தில். தூண்கள் கப்பலில் வந்தவையாம். தீவுச் சனங்கள் புகையிலையையும் கருவாட்டையும் அங்கேதான் பரப்பிப் பரிசு வாங்கினார்கள். கடைசியாக நடந்த கண்காட்சிக்குத் தூணுக்குத் தூண் தகரத்தில் பெயர் எழுதிக் கட்டியிருந்தார்கள். புகையிலை. வெங்காயம். பனம்பொருள். கோழி வளர்ப்பு.

பிறகு சண்டை வந்தது. கண்காட்சி நின்றுபோனது, தகரங்களை மட்டும் யாரும் கழற்றவில்லை.

கரம்பொன்னில் எங்கள் வீட்டின் மேல் ஷெல் விழுந்து, நாங்கள் ஓடி வந்து ஒதுங்கியது அந்த மண்டபத்தில்தான். தூணுக்கு ஒரு குடும்பம். குறுக்கே சீலை கட்டினால் அதுதான் சுவர். எங்களுக்குக் கிடைத்த தூண் கோழி வளர்ப்பு. அதுவே விலாசமும் ஆகிவிட்டது. நிவாரணம் கொடுப்பவர் வாசலில் நின்று கத்துவார்.

"வெங்காயம் வந்திட்டுதோ? புகையிலை ஆக்கள் எங்கை? கோழி, கெதியா வாங்கோ!"

ஒருவரும் சிரிக்க மாட்டார்கள். பசிக்கிற நேரத்தில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டால் என்ன...

நிறைமாதமாயிருந்த அம்மாவுக்குப் பிள்ளைப்பேற்று நோ தொடங்கியதும் அங்கேதான். நல்ல பகல், சரியான வெக்கை. தூணில் முதுகைச் சாய்த்து, இரண்டு கைகளையும் பின்னால் வளைத்து அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். பக்கத்துத் தூண், புகையிலை வீட்டு மேரி மாமிதான் பிள்ளையை ஏந்தினார்.

அப்பா பிறப்பைப் பதியப் போனார். பதிபவர் நிமிராமலே, "பிறந்த இடம்?" என்று கேட்டார்.

"கண்காட்சி மண்டபம், கோழி வளர்ப்பு, ஐயா."

அவர் அதை அப்படியே எழுத, அப்பாவும் கையெழுத்து வைத்துவிட்டு வந்துவிட்டார். அட கடவுளே! இன்றைக்கும் எனக்குக் கோபமும் வரும், சிரிப்பும் வரும்.

தம்பிக்குச் சிரிப்பு வந்ததே இல்லை. பள்ளிக்கூடத்தில் யாராவது "கோழி" என்றால் அடிதான். ஒருமுறை நான் சிநேகிதிகளுக்கு இந்தக் கதையைச் சொல்லிச் சிரித்துவிட்டேன். ஒரு வருஷம் என்னோடு கதைக்கவில்லை. பிரான்சுக்குப் போன பிறகும் அந்தப் பேச்சை எடுத்தால் போனை வைத்துவிடுவான். அம்மா சாகிற காலத்திலும், "அந்தக் கதையைச் சொல்லி அவனை நோகடிக்காதை பிள்ளை" என்றார். நான் ஓம் என்று வாக்குக் கொடுத்தேன்.

அப்படிப்பட்டவன் அங்கிருந்தே நெட்டில் படம் பார்த்து அதே மண்டபத்தை புக் பண்ணியிருக்கிறான்! இப்போது அதற்கு ஆங்கிலத்தில் நீளமாக ஒரு பெயர். ஏசி, எல்ஈடி ஸ்கிரீன், வாசலில் நீரூற்று... அவனுக்கு இடம் தெரியவில்லை என்றே நினைத்தேன். வாய் திறக்கவில்லை.

ஆனால் நேற்று என்னால் கதிரையில் இருக்க முடியவில்லை. இருப்பேன், எழும்புவேன். தூண்களையெல்லாம் வெள்ளைப் பலகை அடித்து மூடியிருந்தார்கள். வாசலையும் மற்றப் பக்கம் மாற்றியதில் எங்கள் தூண் எது என்று எண்ணிப் பார்க்கவும் வழியில்லை. மூன்று தரம் எண்ணி மூன்று தரமும் பிழையாகப் போனது. இதற்குள் மேரி மாமி வந்து இறங்கினார். வாய் சும்மா கிடக்காத மனுஷி! ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

"மாமி, கோழிக் கதை வேண்டாம். இண்டைக்கு மட்டும்."

"எனக்கென்ன விசரே பிள்ளை?"

சொல்லி வாய் மூடவில்லை, மண்டபத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சத்தமாகச் சொன்னார்.

"இதென்ன, எங்கட புகையிலையிலை கொண்டுபோய்க் கேக்கை வைச்சிருக்கினம்!"

தம்பி திரும்பிப் பார்த்தான். கோட் சூட்டோடு மேடையில் இருந்து இறங்கி நேராக எங்களிடம் வந்தான். அம்மாவுக்குக் கொடுத்த வாக்கும் போச்சு, தம்பியும் போச்சு என்று நினைத்தேன்.

"மாமி, அது புகையிலை எண்டா, கோழி எது?"

மாமி அடுத்த தூணைக் காட்டினார்.

விரலால் தட்டினான். பலகை டொக்கென்றது. அடியில் பலகை கொஞ்சம் விலகியிருந்தது. மாப்பிள்ளை அப்படியே குந்தி, அந்த இடைவெளிக்குள் கையை விட்டான்.

"அக்கா, உங்கட கையையும் வையுங்கோ."

வைத்தேன். அதே சில்லிப்பு.

"அம்மா பிடிச்சது இதைத்தானே?"

"ஓமடா... இது அந்த மண்டபம் எண்டு உனக்குத் தெரியுமோ?"

"தெரிஞ்சுதான் புக் பண்ணினனான். அம்மாதான் வர ஏலாமப் போட்டா. நான் அவ பிடிச்ச தூணிட்டையெண்டாலும் வர வேணுமெல்லோ?"

போட்டோக்காரர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

அந்த நாளில் மண்டபம் முழுக்க வெக்கை, தூண் மட்டும்தான் குளிர். நேற்று ஏசியில் எல்லோரும் தோளை மூடிக்கொண்டு இருந்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் தரையில் குந்திக்கொண்டு, கையை வெளியே எடுக்க மனமில்லாமல் இருந்தோம்.

விடிந்து தேத்தண்ணியும் குடித்தாயிற்று. கையில் இன்னும் துரு நாறுகிறது. கழுவவில்லை.